மதிப்பெண்ணுக்குக் கீழே எழுதுவதை யார் படிக்கிறார்கள்? – வாசகர் கேள்வி பதில்

கல்லூரித் தேர்வுகளையும் விடைத்தாள் திருத்தத்தையும் பற்றி அண்மையில் வந்த கடிதங்களில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறித்துள்ளேன்.

கேள்வி: நான் ஒரு கல்லூரியில் பொருளியல் கற்பிக்கிறேன். இரண்டாம் ஆண்டு வகுப்பில் 62 பேர். ஒவ்வோர் அகமதிப்பீட்டுத் தேர்வுக்குப் பிறகும் இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து, விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையால் குறிப்பெழுதித் தருகிறேன். மாணவர்களோ முதல் பக்கத்து மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள், பக்கத்தில் இருப்பவரின் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள், தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள். என் உழைப்பு வீண்தானா? இதைப் பற்றி ஆய்வுகள் ஏதேனும் உள்ளனவா? – உதவிப் பேராசிரியர், திண்டுக்கல்

பதில்: நீங்கள் வகுப்பில் கண்ணால் பார்த்ததை இஸ்ரேலின் கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் ஒரு சோதனையாகவே நடத்தி 1988-இல் எழுதியிருக்கிறார். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 132 பேரைப் பிரித்து, அவர்கள் செய்த பணிக்கு ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும், இன்னொரு பிரிவுக்குக் குறிப்பு மட்டும், மூன்றாவது பிரிவுக்கு இரண்டையும் கொடுத்தார். அடுத்த முறை பணி கொடுத்தபோது குறிப்பு மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் செயல்திறனும் மேலாக இருந்தன. இரண்டையும் பெற்றவர்கள் ஏறக்குறைய மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள். எண் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், அதன் பக்கத்தில் எழுதியிருப்பது எவ்வளவு நல்ல குறிப்பாக இருந்தாலும் எடுபடுவதில்லை என்று தோன்றுகிறது.

ஆனால், இந்த ஓர் ஆய்வை மட்டும் வைத்துக்கொண்டு இனி மதிப்பெண்ணே போடாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் பள்ளிப் பிள்ளைகள். உங்கள் மாணவர்களுக்கு இருபது வயதை ஒட்டி இருக்கும், அவர்களுடைய அகமதிப்பீட்டு மதிப்பெண் பட்டச் சான்றிதழ் வரை கூடவே வருகிறது. தவிர, இதற்கு மாறாகத் தோன்றும் பழைய ஆய்வு ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் எல்லிஸ் பேஜ் 74 ஆசிரியர்களையும் அவர்களிடம் பயின்ற 2,139 மாணவர்களையும் கொண்டு நடத்தி 1958-இல் வெளியிட்ட ஆய்வில், தரக்குறியீட்டோடு ஊக்கமூட்டும் ஒருவரிக் குறிப்பைப் பெற்றவர்கள்கூட, குறிப்பே பெறாதவர்களைவிட அடுத்த தேர்வில் நன்றாகச் செய்திருந்தார்கள்.

இப்படி ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் முடிவுகளை ஓரிடத்தில் குவித்துப் பார்த்தவர்கள் அவ்ராகம் குளூகரும் ஏஞ்சலோ டெனிசியும். 1996-இல் வெளியான அவர்களது தொகுப்பாய்வு 607 விளைவளவுகளை, அதாவது பின்னூட்டத்தால் செயல்திறன் எவ்வளவு மாறியது என்று காட்டும் எண்களை, எடுத்துக்கொண்டது. சராசரியாகப் பார்த்தால் பின்னூட்டம் நன்மை செய்கிறது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட நேர்வுகளில் பின்னூட்டத்துக்குப் பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. செய்த வேலையின் மீது இருக்க வேண்டிய கவனம் ‘நான் எப்படிப்பட்டவன்’ என்பதன் மீது திரும்பும்போது பின்னூட்டம் கெடுதலாகவும் முடியலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். பின்னூட்டம் என்றாலே நல்லது, அதிகம் கொடுத்தால் இன்னும் நல்லது என்று நம்பிக்கொண்டிருந்த என் போன்றவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

எனக்கு இவற்றையெல்லாம்விடக் கைகொடுத்தது ஒரு வரையறைதான். இருக்கும் நிலைக்கும் இருக்க வேண்டிய நிலைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பற்றிய தகவல், அந்த இடைவெளியை ஏதோ ஒரு வகையில் மாற்றுவதற்குப் பயன்பட்டால்தான் அது பின்னூட்டம் என்று மேலாண்மைத் துறையில் எழுதிய அர்கல்குட் ராமபிரசாத் 1983-இல் வரையறுத்தார். ஆஸ்திரேலியாவின் ராய்ஸ் சாட்லர் 1989-இல் அதைக் கல்விக்குக் கொண்டுவந்து மூன்று நிபந்தனைகளை வைத்தார். எது நல்ல விடை என்பது மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தன் விடையை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும். இடைவெளியைக் குறைக்க அவர் ஏதாவது செய்யவும் வேண்டும். இந்தக் கணக்கின்படி நீங்கள் இரவு இரண்டு மணி வரை எழுதியது தகவல். அது இன்னும் பின்னூட்டம் ஆகவில்லை.

ஒரு விடையைக் கையில் எடுத்துப் பார்ப்போம். தேவை நெகிழ்ச்சியை (விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதை) பற்றிய ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஒரு மாணவர், ‘உப்பின் விலை ஏறினால் மக்கள் உப்பு வாங்குவதைக் குறைத்துக்கொள்வார்கள், எனவே உப்பின் தேவை மிகுந்த நெகிழ்ச்சி உடையது’ என்று எழுதியிருக்கிறார். ஓரத்தில் ‘தவறு, கருத்தில் தெளிவில்லை, இன்னும் விளக்கமாக எழுதவும்’ என்று எழுதுவது நம் வழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன். அதைப் படிக்கிற பிள்ளை அடுத்த தேர்வில் அதே தவறை இரண்டு பக்கத்துக்கு விளக்கமாக எழுதிவைக்கும். மாறாக, ‘உப்பு பாக்கெட்டின் விலை இரட்டிப்பானால் உங்கள் வீட்டில் மாதத்துக்கு எத்தனை பாக்கெட் குறைப்பீர்கள்? அந்த எண்ணை வைத்து இந்தப் பத்தியை மட்டும் மறுபடி எழுதி நாளைக்குக் கொண்டுவாருங்கள்’ என்று எழுதினால், அவருக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது. வீட்டில் அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுத உட்காரும்போதே தவறு எங்கே என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அறுபத்திரண்டு தாளிலும் எல்லா விடைக்கும் இப்படி எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். ஒரு தாளுக்கு ஒரு விடை போதும். கடைசி அகமதிப்பீட்டுத் தேர்வுக்கு எழுதும் குறிப்பு யாருக்கும் பயன்படாது, ஏனென்றால் அதற்குப் பிறகு அந்தப் பாடத்தில் அவர்கள் எழுதப்போவது செமஸ்டர் தேர்வை மட்டும்தான். அந்த உழைப்பை முதல் தேர்வுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தாளைக் குறிப்போடு திருப்பித் தந்து, திருத்தி எழுதிய பத்தி உங்கள் கைக்கு வந்த பிறகு மதிப்பெண்ணைச் சொல்லுங்கள். இரண்டாம் தேர்வின் விடைத்தாளில் முதல் பக்கத்தில், ‘சென்ற முறை எனக்கு வந்த குறிப்பு இது, இம்முறை இன்ன விடையில் அதைச் சரிசெய்திருக்கிறேன்’ என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டு வரியை எழுத வேண்டுமானால் பைக்குள் போன பழைய தாளை வெளியே எடுத்தாக வேண்டும்.

கேள்வி: சென்ற செமஸ்டரில் ஒரு தாளில் 34 மதிப்பெண் என்று வந்து அரியர் ஆனது. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்ததில் அதே தாளுக்கு 48 கிடைத்தது. ஒரே விடைத்தாளுக்கு இரண்டு மதிப்பெண் எப்படி வரும்? முதலில் திருத்தியவர் படிக்கவே இல்லையா? – இளநிலை மூன்றாம் ஆண்டு மாணவி, கும்பகோணம்

பதில்: அவர் படித்திருக்கலாம் அம்மா. படித்துவிட்டும் 34 போட்டிருக்கலாம். இது நூறாண்டுக்கும் மேலான பழைய புண்.

பொருளியலாளர் எட்ஜ்வொர்த் 1890-இல் எழுதிய கட்டுரையில், லத்தீன் உரைநடை ஒன்றை 28 தேர்வாளர்களிடம் கொடுத்துத் திருத்தச் செய்ததைச் சொல்கிறார். அவர்கள் போட்ட மதிப்பெண் 45-இலிருந்து 100 வரை பரவியிருந்தது. அமெரிக்காவில் ஸ்டார்ச்சும் எலியட்டும் 1912-இல் இரண்டு ஆங்கில விடைத்தாள்களை நகலெடுத்துப் பல உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 142 ஆசிரியர்கள் திருத்தித் தந்ததில் ஒரு தாளுக்கு 64 முதல் 98 வரையிலும் மற்றொன்றுக்கு 50 முதல் 97 வரையிலும் மதிப்பெண் வந்தது. மொழிப் பாடம் என்பதால்தான் இப்படி, கணக்கில் இது நடக்காது என்று சிலர் சொல்லவே, அடுத்த ஆண்டு வடிவியல் தாள் ஒன்றை அனுப்பினார்கள். வேறுபாடு அதில் இன்னும் பெரிதாக இருந்தது.

உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துவது 1935-இல் இங்கிலாந்தில் பிலிப் ஹார்டாக்கும் ரோட்ஸும் வெளியிட்ட ஆய்வு. (இந்த ஹார்டாக் டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்தவர், நம் பக்கத்துத் தேர்வுகளையும் கண்டவர்.) பதினைந்து வரலாற்று விடைத்தாள்களை 14 தேர்வாளர்கள் திருத்தினார்கள். ஓராண்டுக்கும் மேல் சென்ற பிறகு அதே தாள்களை அதே தேர்வாளர்களிடம் மறுபடி கொடுத்தார்கள். மொத்தம் 210 தீர்ப்புகளில் 92, தேர்ச்சியா தோல்வியா சிறப்பா என்பதிலேயே முன்பு சொன்னதற்கு மாறாக இருந்தன. உங்கள் தாளைத் திருத்தியவர்களாவது இரண்டு வேறு ஆட்கள். அங்கே முரண்பட்டது ஒரே ஆள் தன்னோடு.

நானும் விடைத்தாள் திருத்தும் முகாம்களில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் ஒரு கட்டு, மாலையில் ஒரு கட்டு. நன்றாக எழுதப்பட்ட தாளுக்கு அடுத்து வரும் சுமாரான தாள் மோசமாகத் தெரியும். மோசமான நாலைந்து தாள்களுக்குப் பிறகு வரும் அதே சுமாரான தாள் தங்கமாகத் தெரியும். நேர்மைக்குறைவு என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு விலை கொடுப்பது மாணவர்தான் என்பதால் முறையில் தடுப்பு வேண்டும். முதுநிலைத் தாள்களை இரண்டு பேர் தனித்தனியே திருத்தி, வேறுபாடு அதிகமானால் மூன்றாமவரிடம் கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. திருத்தத் தொடங்குமுன் நாலைந்து மாதிரித் தாள்களை எல்லோரும் தனித்தனியே திருத்தி, எண்களை வெளியே வைத்துப் பேசிக்கொள்வது அதைவிடச் செலவு குறைந்த வழி.

இன்னொன்று. மதிப்பெண் கூடிவிட்டது என்று அந்தத் தாளை மறந்துவிடாதீர்கள். உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில், மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில், திருத்தப்பட்ட தன் விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தேர்வருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. நகலை வாங்கி உங்கள் ஆசிரியரோடு உட்கார்ந்து ஒரு முறை படியுங்கள். செமஸ்டர் தேர்வுக்கென்று நமக்குக் கிடைக்கக்கூடிய பின்னூட்டம் அது ஒன்றுதான்.

கேள்வி: ரூப்ரிக் தயாரித்தால்தான் தர மதிப்பீட்டுக் குழுவுக்கு நல்லது என்று எங்கள் துறையில் கட்டாயப்படுத்துகிறார்கள். உண்மையிலேயே பயன் உண்டா? – விரிவுரையாளர், ஈரோடு

பதில்: ரூப்ரிக் என்பது எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று சொல்லும் அளவுகோல் அட்டவணை. கோப்பில் வைப்பதற்கென்றே தயாரித்தால் அது கோப்புக்கு மட்டுமே பயன்படும். கேள்வித்தாளோடு சேர்த்து மாணவர் கையில் கொடுத்து, சென்ற ஆண்டுத் தாள்களில் நல்லது ஒன்று, சுமாரானது ஒன்று என இரண்டைப் பெயர் மறைத்துத் தந்து அவர்களையே அதை வைத்து எடைபோடச் சொன்னால் பயன் உண்டு. ‘தெளிவான நடை’, ‘ஆழமான பகுப்பாய்வு’ என்னும் சொற்கள் நமக்கு விளங்கும் அளவுக்கு இரண்டாம் ஆண்டு மாணவருக்கு விளங்குவதில்லை. இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும்.

கேள்வி: என் மகள் படிக்கும் கல்லூரியில் மாணவர்கள் எழுதிய ஆய்வக அறிக்கையை ஆசிரியர் திருத்தாமல், ஒருவர் எழுதியதை இன்னொருவரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்கிறாராம். கட்டணம் கட்டுகிற எங்களுக்கு இது ஆசிரியரின் சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. – ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது, ஆனால் இந்த ஆசிரியரைப் பாராட்டத் தோன்றுகிறது. சக மாணவரிடமிருந்து வரும் குறிப்பு ஆசிரியரின் குறிப்புக்கு ஈடாகுமா என்றுதான் நாம் கேட்கிறோம். குறிப்பை எழுதுகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டுப் பார்ப்பதில்லை. சோ, மக்ஆர்தர் ஆகிய இருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. அதுவும் இளநிலை இயற்பியல் மாணவர்களின் ஆய்வக அறிக்கையை வைத்தே. மற்றவர்கள் எழுதிய அறிக்கைகளைப் படித்துக் குறிப்பெழுதியவர்கள், அதே அறிக்கைகளை வெறுமனே படித்தவர்களைவிடப் பின்னால் தாங்கள் எழுதியதை நன்றாக எழுதினார்கள். அடுத்தவர் அறிக்கையில் அலகு போடாமல் விட்ட எண்ணைப் பார்த்து வட்டமிடுகிற பெண், தன் அறிக்கையை எடுத்து ஒருமுறை பார்க்காமல் இருக்க மாட்டாள்.

நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. சக மாணவர் குறிப்பெழுதட்டும். பதிவேட்டில் ஏறும் மதிப்பெண்ணை அவர் போடக் கூடாது. வகுப்பில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது உங்கள் மகளுக்குத் தெரியும். அதெல்லாம் மதிப்பெண்ணில் வந்து நிற்கும். அந்த ஆசிரியர் மதிப்பெண்ணையும் அவர்களிடமே விட்டிருந்தால், மகள் மூலமாக மெல்ல எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வாளர், பகுதிநேரமாகக் கற்பிக்கவும் செய்கிறேன். என் இரண்டு வகுப்புப் பிரிவுகளில் ஒன்றுக்கு மதிப்பெண்ணையும் குறிப்பையும் சேர்த்தே கொடுத்தேன். மற்றொன்றுக்குக் குறிப்பை முதலில் தந்து, ஒரு வாரம் கழித்து மதிப்பெண்ணைச் சொன்னேன். அடுத்த தேர்வில் இரு பிரிவுக்கும் வேறுபாடு எதுவும் இல்லை. முடிவு வராததை எங்கும் வெளியிட முடியாது என்கிறார் நெறியாளர். கட்டணம் கட்டினால் பத்து நாளில் போட்டுத் தருவதாக ஓர் ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நான் என்ன செய்யட்டும்? – ஆய்வாளர், காரைக்குடி

பதில்: உங்களுக்கு முடிவு வந்திருக்கிறது. ‘வேறுபாடு இல்லை’ என்பதுதான் அது. முதல் கேள்விக்கான பதிலில் குளூகரும் டெனிசியும் நூற்றுக்கணக்கான முடிவுகளைச் சேர்த்ததைச் சொன்னேன். அப்படிச் சேர்க்கிறவர்கள் கைக்கு வருவது பெரும்பாலும் அச்சில் வந்தவைதான். பலன் தந்த சோதனைகள் மட்டும் அச்சேறி, பலன் தராதவை மேசை இழுப்பறையிலேயே கிடந்தால், கூட்டிப் பார்க்கும் சராசரி பொய் சொல்லும். ஆகவே வெளியிடுங்கள்.

எழுதும்போது நேர்மையாகச் சில இடங்களில் நின்று எழுத வேண்டும். இரண்டு பிரிவுகளும் தற்செயலாகப் பிரிக்கப்பட்டவையா, அல்லது சேர்க்கையின்போதே மதிப்பெண் வரிசையில் பிரிந்தவையா? ஒரு பிரிவுக்கு முதல் பாடவேளையும் மற்றதற்கு மதிய உணவுக்குப் பிறகான பாடவேளையுமா? எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்த ஒரு வாரத்தில் மாணவர்கள் குறிப்பை வைத்து என்ன செய்தார்கள் என்பது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஒன்றும் செய்யச் சொல்லாமல் மதிப்பெண்ணை மட்டும் தாமதப்படுத்தியிருந்தால், ஒரு வாரக் காத்திருப்பைத்தான் நீங்கள் சோதித்திருக்கிறீர்கள். அதற்குப் பலன் இல்லை என்று தெரிந்ததும் பயனுள்ள செய்திதான். இதை ஒளிக்காமல் எழுதினால் அடுத்தவர் உங்கள் சோதனையைத் திருத்தி நடத்துவார்.

கேள்வித்தாளையும், மதிப்பிட்ட அளவுகோலையும், நீங்கள் எழுதிய குறிப்புகளில் ஒரு பத்தையாவது அப்படியே பின்னிணைப்பாகக் கொடுங்கள். நம் ஊர்க் கட்டுரைகளில் எனக்கு உள்ள பெரிய குறை இதுதான்: ‘ஆக்கபூர்வமான பின்னூட்டம் வழங்கப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும், அந்தப் பின்னூட்டத்தில் என்ன எழுதியிருந்தது என்று கடைசி வரை தெரியாது. எழுத்துக்குச் சொந்தக்காரர்களான மாணவர்களிடம் ஒப்புதல் பெறுங்கள். மதிப்பெண் போடுகிற கை உங்களுடையது என்பதால் அவர்களால் மறுக்க முடியாது. ஆகவே மதிப்பெண் இறுதியாகி வெளியான பிறகு கேளுங்கள், பதிவெண்ணும் கையெழுத்தும் தெரியாதபடி தட்டச்சு செய்து சேருங்கள்.

அந்தப் பத்து நாள் ஆய்விதழை விட்டுவிடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019-இல் தொடங்கிய, தரமான ஆய்விதழ்களுக்கான கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது; பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்த காலம் போய்விட்டது, ஒவ்வோர் ஆய்விதழையும் நாமே எடைபோட வேண்டியிருக்கிறது. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் அந்தத் துறையில் எழுதியவர்களா, மதிப்புரையாளரின் குறிப்பு உங்களுக்கு வருகிறதா என்று பாருங்கள். பின்னூட்டத்தைப் பற்றிய கட்டுரையை எந்தப் பின்னூட்டமும் இல்லாமல் அச்சிடுகிற இடத்தில் போடுவது வேடிக்கையல்லவா?

படிப்பதற்கு இப்போது வழி கொஞ்சம் திறந்திருக்கிறது. மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசுகள் நடத்தும் கல்வி நிறுவனங்களுக்குத் தருகிறது. உயர்கல்வி மதிப்பீட்டுக்கென்றே வரும் ஆய்விதழ்களை வெளியிடும் டெய்லர் அண்ட் பிரான்சிஸும் அந்த முப்பதில் உண்டு. அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ இருந்தால் நூலகரிடம் கேளுங்கள். இல்லையென்றால் கட்டுரையாசிரியருக்கே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், பெரும்பாலோர் தங்கள் பிரதியை மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். யுஜிசியின் நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்ளிப்நெட் நடத்தும் சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் லட்சக்கணக்கான இந்திய ஆய்வேடுகள் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. உங்களுக்கு முன்னால் இதே கேள்வியைக் கேட்டவர் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கக்கூடும்.

ஆய்விதழுக்கு எழுதியதோடு நிறுத்தாமல், அதே செய்தியைத் தமிழில் நான்கு பக்கத்தில் எழுதி உங்கள் துறை ஆசிரியர்களுக்கும், அந்த இரண்டு பிரிவு மாணவர்களுக்கும் கொடுங்கள். சோதிக்கப்பட்டவர்களுக்கு முடிவைச் சொல்கிற வழக்கம் நம்மிடம் அறவே இல்லை.

கேள்வி: இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவில் இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறது அல்லவா? அங்கிருந்து அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன? – வாசகர், சேலம்

பதில்: ஒழுங்காக நடந்திருந்தால் அங்கே இத்தனை ஆய்வு எழுதியிருக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் 2005 முதல் இறுதியாண்டு மாணவர்களிடம் நடத்தும் தேசிய மாணவர் கருத்தாய்வில், மற்றப் பகுதிகளோடு ஒப்பிடும்போது மனநிறைவு குறைவாகவே வந்துகொண்டிருந்த பகுதிகளில் ஒன்று மதிப்பீடும் பின்னூட்டமும்தான். நிறைய எழுதிக் கொடுக்கிறோமே, ஏன் மனநிறைவு இல்லை என்று அங்குள்ள ஆசிரியர்களும் புலம்பினார்கள். அந்தப் புலம்பலிலிருந்துதான் பேச்சு மாணவர் பக்கம் திரும்பியது. ஹாங்காங்கின் டேவிட் கார்லெஸும் ஆஸ்திரேலியாவின் டேவிட் பவுடும் 2018-இல் எழுதிய கட்டுரை, பின்னூட்டத்தை ஏற்றுப் பயன்படுத்துவதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு திறன் என்கிறது: அதன் மதிப்பை உணர்வது, தன் வேலையைத் தானே எடைபோடுவது, குறை சொல்லப்படும்போது எழும் மனவருத்தத்தைக் கையாள்வது, பிறகு செயலில் இறங்குவது. நம் வகுப்புகளில் மூன்றாவதுதான் கடினம் என்பது என் அனுபவம். எல்லோர் முன்னிலையிலும் மதிப்பெண்ணை உரக்கப் படிக்கிற வழக்கத்தை நிறுத்தினாலே பாதி பாரம் இறங்கும்.

கேள்வி: 120 பேர் கொண்ட பொறியியல் வகுப்புக்கு சாட்ஜிபிடி மூலம் பின்னூட்டம் எழுதித் தரலாமா? – இணைப் பேராசிரியர், கோவை

பதில்: இயந்திரத்தைத் திருத்தச் சொல்லும் ஆசை புதிதல்ல. முதல் கேள்வியில் சொன்ன அதே எல்லிஸ் பேஜ்தான் 1966-லேயே கட்டுரைக்குக் கணினி மதிப்பெண் போடலாம் என்று எழுதியவர். குறிப்பை உருவாக்குவது இன்று எளிது. ஆனால் குறிப்பு குறைவாக இருந்ததால் மாணவர் கற்கவில்லை என்று மேலே பார்த்த எதுவும் சொல்லவில்லை. 120 பேருக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் இயந்திரம் எழுதித் தந்தால், பைக்குள் போகிற தாளின் எடைதான் கூடும். மாணவரின் எழுத்தை அவருடைய அனுமதியின்றி வெளி நிறுவனத்தின் கணினியில் ஏற்றுவதும் சரியல்ல. மாணவரே தன் வரைவை அதனிடம் காட்டி, அது சொன்னதில் எதை ஏற்றேன், எதை ஏன் தள்ளினேன் என்று அரைப் பக்கம் எழுதித் தருவதாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த அரைப் பக்கத்தை நீங்கள் படியுங்கள்.

கேள்வி: இத்தகைய ஆய்வுகளைப் பகிர்ந்துகொள்ள எங்கள் துறையில் மாதந்தோறும் ஒரு கூட்டம் தொடங்கினோம். ஒருவர் ஒரு கட்டுரையைப் படித்து வந்து பவர்பாயிண்ட் போட்டுச் சொல்வார். மூன்றாவது மாதத்தில் நான்கு பேர் வந்தார்கள், நான்காவது மாதம் கூட்டமே இல்லை. எங்கே தவறு? – துறைத் தலைவர், திருநெல்வேலி

பதில்: மாணவர்களுக்கு நேர்வதுதான் உங்கள் ஆசிரியர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. கேட்டார்கள், கேட்டதை வைத்துச் செய்ய எதுவும் இல்லை. கட்டுரையைப் படித்து வந்தவர் மட்டும் கொஞ்சம் கற்றிருப்பார்.

அடுத்த முறை கட்டுரைக்குப் பதிலாக ஒரு விடைத்தாளைக் கொண்டுவாருங்கள். பத்து பேர் இருந்தால் பத்து நகல். யாரும் யாரிடமும் பேசாமல் திருத்தி, மதிப்பெண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி மேசை நடுவில் வைக்கட்டும். ஒருவர் அவற்றைக் கரும்பலகையில் வரிசையாக எழுதட்டும். மிகக் குறைவாகப் போட்டவரும் மிக அதிகமாகப் போட்டவரும் முதலில் காரணம் சொல்லட்டும். மூத்தவர் கடைசியாகப் பேசட்டும், இல்லாவிட்டால் மற்றவர்கள் அவர் எண்ணுக்கு நகர்ந்துவிடுவார்கள். பிறகு அந்த விடைக்கு ஒவ்வொருவரும் ஒரே ஒரு குறிப்பு எழுதி, அதை உரக்கப் படித்து, இதைக் கையில் வாங்கும் மாணவர் நாளைக்கு என்ன செய்வார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஹார்டாக், சாட்லர் பெயர்களெல்லாம் அதற்கு அப்புறம் வந்தால் போதும். அப்போது அவற்றை யாரும் தூங்கிக்கொண்டு கேட்க மாட்டார்கள்.

முதல் கூட்டத்துக்குப் பெரிய தாள் வேண்டாம். ஐந்து மதிப்பெண் கேள்விக்கான விடை ஒன்று, பெயரும் பதிவெண்ணும் மறைத்தது, நாற்பது நிமிட நேரம். கரும்பலகையில் எழுதிய எண்களை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அதே விடையை அதே பத்து பேரிடம் மறுபடியும் கொடுங்கள்.